பழைய அம்பாசடரை ஓடும் நிலையில் வைத்திருக்க: ஷெட் தரையிலிருந்து அடைமழைக்காலம் வரை

1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசடர், மார்க் 2 அல்லது மார்க் 3, சொந்தமாக வைத்திருக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். பாளையங்கோட்டை, வள்ளியூர், தென்காசி, திசையன்விளை என்று நம் திருநெல்வேலிப் பக்கத்தில் புதிதாக இந்த வண்டி வாங்கியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வேலை தெரியாததால் அல்ல, வேலையின் வரிசை தெரியாததால். வண்டி வந்த அன்றைக்கே பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கிறார்கள். பெயிண்டுக்கு ஆள் பேசுகிறார்கள். ஷெட்டைப் பற்றி மழை வந்த பிறகு யோசிக்கிறார்கள்.

பழைய வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். அதனால் அது நிற்கும் இடம் முதலில் தயாராக வேண்டும். அதற்கு அடுத்தது பிரேக். இன்ஜின் அதற்கும் பிறகு.

1. பணம் கொடுப்பதற்கு முன் ஆர்சி புத்தகம்

இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் வண்டியில் நீங்களே துடைத்துப் படித்து, ஆர்சியோடு ஒப்பிடுங்கள். நம் ஊரில் வாடகைக்கு ஓடிய அம்பாசடர்கள் பலவற்றில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றியிருப்பார்கள். பிறகு யாராவது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றியிருப்பார்கள். ஆர்சியில் பெட்ரோல் என்றிருந்து வண்டியில் டீசல் இருந்தாலோ, இன்ஜின் எண் வேறாக இருந்தாலோ, அதைச் சரிசெய்து தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். பின்னால் ஆர்டிஓ அலுவலகத்துக்கு அலைவது நீங்கள்தான்.

சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி கட்டியிருக்கிறதா, கடைசிப் புதுப்பிப்பு எப்போது முடிகிறது என்று பாருங்கள்.

50 ஆண்டு தாண்டிய, மூல அமைப்பு மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ வகையில் பதிய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ‘விஏ’ என்ற எழுத்துள்ள நம்பர் கிடைக்கும். புதிய பதிவுக்கு அந்த விதியில் வைத்த கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குற்றாலம் போக நினைப்பவர் சாதாரணப் பதிவிலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது வண்டியின் மதிப்பைப் பேசி முடிவுசெய்யுங்கள். ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு மதிப்பு என்பது கம்பெனியும் உரிமையாளரும் ஒத்துக்கொள்ளும் தொகைதான். சும்மா இருந்தால் இரும்பு விலைக்குப் போட்டுவிடுவார்கள்.

2. ஷெட்: இடமும் தரையும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி எங்கெங்கே ஏறியது என்பது உங்கள் தெருக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். சுவரில் அந்தத் தண்ணீர்க் கறை எங்கே நின்றது என்று கேட்டு, தரைமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள். அவ்வளவு உயர்த்த முடியாத தாழ்வான இடம் என்றால் அங்கே ஷெட் போடவே வேண்டாம். மேட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டு இடத்தைக் கேளுங்கள்.

அம்பாசடர் ஏறத்தாழ 14 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். வண்டி நுழைந்தால் போதும் என்று 16-க்கு 9 அடியில் போட்டுவிட்டுப் பிறகு கதவைத் திறக்க இடமில்லாமல் நிற்பவர்கள் உண்டு. சக்கரத்தைக் கழற்றி, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வேலை பார்க்க இரு பக்கமும் குறைந்தது நாலடி வேண்டும். முன்னால் மேசை போட ஆறு அடி. ஆக 24-க்கு 15 இருந்தால் தாராளம்.

கயத்தாறு, மானூர்ப் பக்கம் கரிசல் மண் என்றால் தரைக்கு அடியில் அந்த மண்ணை எடுத்துவிட்டுச் சரள் நிரப்பி இடிக்க வேண்டும். கரிசல் மழையில் பொம்மி, வெயிலில் சுருங்கும். அதன் மேல் நேரடியாகப் போட்ட கான்கிரீட் வெடிக்கும். வெடித்த தரையில் ஜாக்கி நேராக நிற்காது. செம்மண் தேரிப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை.

கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலிதீன் ஷீட்டை ஒட்டுக்கு ஒட்டு ஓரடி மேலேறும்படி விரியுங்கள். இதைப் பலர் வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். தரையில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும் ஈரம்தான் வண்டியின் அடித்தகட்டை இரவெல்லாம் நனைப்பது. சந்தேகம் இருந்தால், இருக்கிற தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எடுக்கும்போது அடிப்பக்கம் துளித்துளியாக வேர்த்திருந்தால் அந்தத் தரையில் வண்டி நிறுத்தக் கூடாது.

தரை வாசலை நோக்கி நூறடிக்கு ஓரடி வீதம் சரியட்டும். அதற்கு மேல் சரிந்தால் ஜாக்கியில் நிற்கும் வண்டி உருளும்.

குழி தோண்டாதீர்கள். பட்டறைகளில் பார்த்துவிட்டு எல்லோரும் ஆசைப்படும் விஷயம் இது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் போய்த் தங்கும். குழிக்குள் கையில் பல்பு விளக்கோடு இறங்கினால் ஒரு பொறி போதும். மழைக்காலத்தில் ஊற்றும் எடுக்கும். அதற்குப் பதில் இரண்டு சாய்தளமும் நான்கு இரும்பு ஸ்டாண்டும் வாங்குங்கள்.

3. கூரை, காற்று, எலி

தகரக் கூரை பகலில் கொதித்து, இரவில் குளிர்ந்து, அதிகாலையில் அடிப்பக்கம் வேர்த்துச் சொட்டும். ஓட்டுக் கூரை நல்லது. தகரம்தான் என்றால் அடியில் பஃப் (வெப்பம் தடுக்கும் நுரை) ஒட்டிய ஷீட்டாகப் போடுங்கள்.

ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசும் காற்று தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலையும், கிழக்கே வர வர வெறும் புழுதியையும் கொண்டுவரும். அதனால் மேற்குச் சுவரில் கதவு வேண்டாம், கூரையை ஒட்டி வலை அடித்த காற்றுத்துளை மட்டும் போதும். கதவு கிழக்கே இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழைச்சாரல் அடிக்கும். வாசலுக்கு மேல் மூன்றடி நீட்டிச் சன்ஷேடு இறக்கினால் அது நிற்கும்.

காற்று உள்ளே போய் வெளியே வர எதிரெதிரே இரண்டு வழி இருக்க வேண்டும். இறுக அடைத்த ஷெட்டில் துரு வேகமாக ஏறும். இதே காரணத்தால் வண்டிக்குப் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். பழைய பருத்திப் போர்வை போதும்.

கிராமத்தில் ஷெட் கட்டி முடித்த வாரமே வீட்டில் நெல் மூட்டையும் தேங்காயும் கொண்டுவந்து போடுவார்கள். ‘ஒரு ஓரமாத்தான இருக்கு’ என்பார்கள். அதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். நெல்லுக்கு வரும் எலி, நெல் தீர்ந்ததும் வயரைக் கடிக்கும், சீட்டின் தேங்காய்நாரைப் பிய்த்துக் கூடு கட்டும். அட்டைப்பெட்டி, பழைய பேப்பர் எதையும் தரையில் வைக்காதீர்கள், கரையான் அதன் வழியாகத்தான் ஏறும்.

குளவியையும் கணக்கில் எடுங்கள். பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாயில் மண் வைத்து அடைத்துவிடும். வண்டி பத்து கிலோமீட்டர் ஓடி நிற்கும், மூடியைத் திறந்தால் மறுபடி ஓடும். கார்பரேட்டரைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், காரணம் குழாயில் இருக்கும். நிறுத்தும்போது சைலன்சர் வாயையும் அந்தக் குழாய் முனையையும் மெல்லிய வலைத்துணியால் கட்டி, அதிலிருந்து சிவப்பு நாடா ஒன்றைத் தொங்கவிடுங்கள். நிற்கும் விமானங்களில் மூடிய துளைகளுக்கு இப்படித்தான் சிவப்பு நாடா கட்டுகிறார்கள். எடுக்காமல் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக.

4. உள்ளே வேண்டியவை

முதலில் மின்சாரம். தனி எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), தரையிலிருந்து நாலடி உயரத்தில் சுவிட்சுகள். ஈரத் தரையில் நின்று கிரைண்டர் பிடிக்கும் கைக்கு இது உயிர்க்காப்பு. டியூப் லைட்டைக் கூரையில் மட்டும் போட்டால் வண்டியின் நிழலிலேயே வேலை பார்க்க வேண்டிவரும். இரு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் ஒவ்வொன்று போடுங்கள்.

தீயணைப்பான் கட்டாயம். கார்பன் டை ஆக்சைடு வகை வாசலுக்கு அருகே இருக்கட்டும், உள் மூலையில் வேண்டாம். தீ பிடித்தால் நீங்கள் வாசலை நோக்கித்தான் ஓடுவீர்கள். கூடவே இரண்டு வாளி உலர்ந்த மணல்.

ஸ்பேனர் விஷயத்தில் புதியவர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். இந்த வண்டியின் நட்டுகள் இஞ்ச் அளவு. வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டில் 13 நம்பர், அரை இஞ்ச் நட்டில் உட்கார்ந்தது போலவே இருக்கும். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்தச் சிறு இடைவெளி போதும், துருப்பிடித்த நட்டின் முனை உருண்டுவிடும். முதல் செலவாக ஒரு நல்ல இஞ்ச் ரிங் ஸ்பேனர் செட் வாங்குங்கள். பிறகு ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளி அளக்கும் தகடுகள்), கிரீஸ் கன், மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவு காட்டும் ஸ்பேனர்). கம்ப்ரசர் பிறகு வாங்கலாம். வாங்கினால் ஒவ்வொரு நாளும் அடியில் உள்ள தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

வண்டியை ஹாலோ பிளாக்கின் மேல் ஏற்றிவிட்டு அடியில் படுக்கவே கூடாது. அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் படுக்காதீர்கள்.

ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, மீட்டர் அளவு, செய்த வேலை, மாற்றிய சாமான், வாங்கிய கடை. ஆறு மாதம் கழித்து ஒரு சத்தம் வரும்போது மெக்கானிக்கிடம் காட்ட இதைவிட உதவுவது வேறில்லை.

5. வண்டி வந்ததும்: ஸ்டார்ட் செய்யாதீர்கள்

டேங்கில் பல வருடப் பெட்ரோலின் பிசினும் துருவும் அடியில் கிடக்கும். செல்ஃப் அடித்த மறு நிமிடம் அதெல்லாம் பம்ப் வழியாகக் கார்பரேட்டருக்குள் போய்விடும். காய்ந்து போன சிலிண்டரில் எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் ஏறி இறங்கும்.

முதல் வாரம் பார்க்க மட்டும்தான். அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே தாங்குகிறது. அதனால் துரு என்பது இங்கே அழகுப் பிரச்சினை அல்ல. தரைவிரிப்பை முழுக்க எடுங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடங்கள், டிக்கித் தரை மூன்றையும் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘ணங்’ என்று கேட்டால் தகடு இருக்கிறது. ‘பொத்’ என்றால் மேலே பூசிய பட்டிப் பசை, உள்ளே ஒன்றுமில்லை. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்து வையுங்கள். டிங்கரிங் ஆளிடம் வேலை பேசும்போது இந்தப் படங்களை வைத்துத்தான் பேச வேண்டும். அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள், மேலே ஒட்டுப்போட விடாதீர்கள். உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் போன்ற கடலோரத்தில் இருந்த வண்டி என்றால் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு பொறுமையோடு செய்யுங்கள்.

6. பிரேக்

வாடகை அம்பாசடர் ஓடிய காலத்திலிருந்து பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக், புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வது: “மொதல்ல வண்டி நிக்கட்டும் அண்ணாச்சி, பெறவு ஓடட்டும்.” இன்ஜின் ஓட ஆரம்பித்தால் ஓட்டிப் பார்க்கக் கை துடிக்கும். அதனால்தான் பிரேக் முதலில்.

நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் மெல்ல விலக்குங்கள். உள்ளே உலர்ந்த தூசி என்றால் பரவாயில்லை. கருங்காப்பி நிறத்தில் ஈரம் வடிந்தால் ரப்பர் போய்விட்டது. பிஸ்டனைத் தள்ளி எடுத்து, உள்சுவரை விளக்கில் பாருங்கள். சிறு சிறு குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். கிட்டை மட்டும் போட்டு மிச்சம் பிடிப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம்தான் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கிறது. ஆகவே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். பாதி காலியான பழைய டின் வேண்டாம். பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்குங்கள். ரப்பர் ஹோஸ்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், உட்புறம் வீங்கி அடைத்தால் வெளியே தெரியாது.

7. பெட்ரோல் வழி

டேங்கை இறக்கிக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்க வேண்டாம். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். ரேடியேட்டர் பட்டறைக்காரர்களில் டேங்க் வேலை தெரிந்தவர் இருப்பார், அவரிடம் கொடுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் பழைய ரப்பரை இளக்கும், பம்பின் டயாபிரத்தை (உள்ளே அசையும் சவ்வை) கெடுக்கும், ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் தண்ணீராகப் பிரிந்து நிற்கும். மூன்று காரியம் செய்யுங்கள். எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், மேலே ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்குங்கள். பம்ப் டயாபிரம், கார்பரேட்டர் நீடில், கேஸ்கெட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். பம்புக்கு முன் கண்ணாடி போன்ற ஃபில்டர் ஒன்று வையுங்கள், துரு வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம்.

மலைப்பாதையிலோ வெயிலிலோ வண்டி திணறினால் உடனே கார்பரேட்டரைத் திருகாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். பெட்ரோல் குழாய் எங்காவது சைலன்சர் குழாயை ஒட்டி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

8. எண்ணெய், தண்ணீர், முதல் ஸ்டார்ட்

பழைய எண்ணெயை வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். இந்த இன்ஜினின் கேம்ஷாஃப்டும் டாப்பெட்டும் உரசி ஓடுபவை, எண்ணெயில் துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு வேண்டும். புதுக் கார்களுக்கான மெல்லிய விலையுயர்ந்த எண்ணெய்களில் அது குறைவு. கியர் பாக்ஸுக்கு வண்டியின் கையேட்டில் சொன்னதையே ஊற்றுங்கள். ‘ஜிஎல்-5’ வகையை அதில் ஊற்றினால் பித்தளை வளையங்கள் அரிபடலாம்.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஒருநாளும் கூடாது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீர் ஒரு கோடையில் குழாய்களை அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள்.

டாப்பெட் இடைவெளியைப் பாருங்கள். கையேட்டில் உள்ளதே கணக்கு, பெரும்பாலும் 15 தௌ (ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை 9-லிருந்து கழியுங்கள். வரும் எண்ணுள்ள வால்வைச் செட் செய்யலாம். முதலாவது திறந்திருந்தால் எட்டாவது, மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. அளவை நோட்டில் எழுதுங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளில் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், ஈயமில்லாத பெட்ரோலில் வால்வு சீட் தேய்ந்து உள்ளே போகிறது என்று அர்த்தம். ஹெட்டை இறக்கிக் கடினமான சீட் வைக்க வேண்டியிருக்கும்.

பாயிண்ட் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். பழைய டைனமோ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. வழக்கம்போல நெகட்டிவை மாட்டிவிட்டு டைனமோவைக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஊறட்டும். தடையில்லாமல் சுற்றினால், பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா பாருங்கள். அழுத்தம் வந்த பிறகுதான் பிளக், அதன் பிறகுதான் பெட்ரோல். ஷெட் கதவுகள் முழுக்கத் திறந்திருக்கட்டும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

9. முதல் ஓட்டமும் பிறகும்

முதல் நாள் வீட்டைச் சுற்றி மட்டும். வந்ததும் நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் நிறுத்துங்கள், மறுநாள் காலையில் எங்கே எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று அது காட்டும்.

அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம், இன்ஜின் நன்றாகச் சூடேறும்படி ஓட்டுங்கள். ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது, ஓட்டாமலே இருப்பதைவிடக் கெடுதல். சூடேறாத இன்ஜினில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயோடு கலந்துவிடும். முன்சக்கரத்தின் கிரீஸ் நிப்பிள்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதியது தெரியும்வரை அடியுங்கள்.

உதிரிபாகம் வேண்டுமென்றால் முதலில் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கத்துப் பழைய கடைகளில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை. மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டதால், அடிக்கடி தேயும் சாமான்களை (பாயிண்ட், கண்டென்சர், வாட்டர் பம்ப் கிட், வீல் சிலிண்டர்) கிடைக்கும்போது இரண்டாக வாங்கி, எண்ணெய்த் தாளில் சுற்றி வையுங்கள்.

10. புரட்டாசி முடிவதற்குள்

அடைமழை முடியும்வரை வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதென்றால், அதற்கு முன் இதே வரிசையில் செய்யுங்கள். அடித்தகட்டை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். கதவடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். ஈரத்தின் மேல் மெழுகு அடித்தால் ஈரம் உள்ளேயே பூட்டப்படும், ஆகவே காயவிடுவதில் அவசரம் வேண்டாம். டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள், காற்று நிற்க இடமில்லாவிட்டால் ஈரமும் குறையும். தைக்குப் பிறகும் வண்டி நிற்கப்போகிறது என்றால் நிரப்பாதீர்கள், வடித்துவிட்டுக் கார்பரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வலைத்துணியையும் சிவப்பு நாடாவையும் கட்டுங்கள். கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள் கதவுகளைத் திறந்து வைத்து, போர்வையை உதறி, சீட்டுக்கு அடியில் எலிப் புழுக்கை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.